ஓட்டை ஒன்று பாக்கி

ஓட்டைக்காரர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தேழு வருடமாகச் சுவர் ஒழுகலை அடைப்பதுதான் தொழில். “அடைக்கிறவனை அடைக்கிறவன்னுதானே சொல்லணும்? ஓட்டையை நானா போட்டேன்?” என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர உறுப்பினர் கிடையாது. மனைவிகூட எதிரணிதான்.

ஆனால் வேலை தெரிந்தவர். ஈரச் சுவரின் முன்னால் டாக்டர் போல நிற்பார். விரல் முட்டியால் நாலு தட்டு, உள்ளங்கையால் ஒரு தடவல், பிறகு முகத்தை நிமிர்த்தி எங்கோ பத்தடி தள்ளிக் கை காட்டுவார். தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, வெளிப்படுகிற இடம் இன்னொன்று என்பது அவருக்கு மனப்பாடம். வேலை முடிந்ததும் மாலை ஐந்து மணிக்கு ஒரு சுற்று வருவார். இடது கையில் டார்ச், வலது கையில் ஓட்டையை அடைக்கும் பசையைப் பிதுக்குகிற சீலன்ட் கன். கண்ணில் படுகிற ஓட்டையில் ஒரு சொட்டு, அதன்மேல் கட்டைவிரலால் ஒரே இழுப்பு. ஆணி பிடுங்கிய இடமோ, ஒயர் போன வழியோ, எறும்புப் பொந்தோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். இந்தச் சுற்றுக்கு மூளை தேவைப்படாது. கை தானே செய்துவிடும். வீட்டிலும் அதே கைதான். “சாவித் துவாரத்தையாவது விட்டு வைங்க, நான் வெளிய போய்ட்டு வரணும்” என்று மனைவி சொல்வது பாதி கேலி, பாதி கோரிக்கை.

சுற்று முடிந்ததும் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுப்பார். ‘இந்தச் சுவரில் ஓட்டை எதுவும் விடப்படவில்லை. ஐந்து வருட உத்தரவாதம்.’ ஊரில் வேறு எந்த ஒழுகல்காரரும் எழுதிக் கொடுத்ததில்லை. அவருடைய கர்வம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது.

கர்வம் இடிந்தது சொந்தக் குடியிருப்பிலேயே. நாலு மாடி. அவர் குடியிருப்பது இரண்டாவது மாடியில். மேற்குச் சுவரில், முதல் மாடி உயரத்தில், ஒரு விரிசல். அதற்கு நேர் கீழே தரைத்தளத்தில் கணக்கு டீச்சரின் படுக்கையறை. இரண்டு வருடத்தில் அந்த விரிசலை மூன்று முறை அடைத்தார். மூன்று முறையும் சில நாளில் சீலன்ட் காணாமல் போனது. உரிந்து விழவில்லை, வெடிக்கவில்லை. யாரோ தின்றதுபோல மறைந்தது. மூன்றாவது மழைக்குப் பிறகு டீச்சர் உத்தரவாதச் சீட்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

“இந்தப் பேப்பருக்கு எத்தனை மார்க் போடலாம்? நீங்களே சொல்லுங்க.”

“டீச்சர், மெட்டீரியல்ல ஏதோ கோளாறு.”

“போன தடவை வெயில்ல கோளாறு. அதுக்கு முந்தின தடவை பெயின்டர் மேல கோளாறு. என் அலமாரியில பாதிப் புஸ்தகம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு.”

அந்த வருடம் குடியிருப்பின் செயலாளரும் சேர்ந்துகொண்டார். அளவாகப் பேசுகிற மனிதர். “மழைக்கு முன்னாடி அடைச்சிடுங்க. இல்லைன்னா கட்டட வேலைக்கு வேற ஆள் பார்த்துடுவோம்” என்றார். இருபத்தேழு வருடக்காரரை அவர் குடியிருக்கிற கட்டடத்திலேயே மாற்றுவது என்றால், அந்தப் படியில் அவர் எப்படி ஏறி இறங்குவார்?

சாரம் கட்டி, விரிசலில் நாலாவது முறையாகச் சீலன்ட் போட்டார். இந்த முறை இறங்கவில்லை. சாரத்தின் மேலேயே உட்கார்ந்து காவல் காத்தார். வெயில் ஏறியதும் கொசு அளவில் கறுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு பத்து. அவை அவருடைய சீலன்ட்டைக் கடித்து, உருட்டி, பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு, அதே விரிசலின் ஓரத்தில் அவர் பார்க்காமல் விட்ட ஓர் இடுக்கு வழியாக உள்ளே போயின.

“என் மெட்டீரியல்!” என்று அவர் கத்தியது தரைத்தளம் வரை கேட்டது.

டீச்சர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். “என்ன ஆச்சு?”

“திருட்டு, டீச்சர்! கொசு மாதிரி ஒண்ணு, என் சீலன்ட்டைத் தூக்கிட்டுப் போகுது!”

“கொசு இல்லைங்க அது. கொசுத்தேனீ. கொட்டாது. ரெண்டு வருஷமா என் பூசணிக்கொடியில காய் பிடிக்கிறதே அதுங்களாலதான்.” டீச்சர் சற்று யோசித்தார். “அதுங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

“அப்போ சுவர்?”

“சுவரும் காயணும்.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டீச்சர்.”

“ரெண்டும்தான் சொல்லிட்டேனே.”

செயலாளருக்கு இந்தக் கணக்கு கடினமாகத் தெரியவில்லை. “ஒரு ஸ்ப்ரே அடிச்சா முடிஞ்சுது” என்றார். ஓட்டைக்காரருக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. திருடனிடம் யார் இரக்கம் பார்ப்பார்கள்? ஆனால் ஸ்ப்ரே அடிக்குமுன் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, விரிசல் ஓரத்தில் ஒரு செங்கல் முனையை உளியால் பெயர்த்து டார்ச் அடித்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

உள்ளே கட்டும்போதே விட்டுப்போன ஒரு பொந்து. அதன் சுவர் முழுக்க மரப் பிசினும் மெழுகும் (இடையிடையே அவருடைய சீலன்ட்டும்) குழைத்துப் பூசப்பட்டிருந்தது. ஒரு முடி இடைவெளி இல்லை. மூன்று மழை பார்த்த விரிசலுக்குப் பின்னால் ஒரு சொட்டு ஓதம் இல்லை. மழைத் தண்ணீரை அந்தப் பூச்சு தடுத்து, பக்கவாட்டில் திருப்பி, கீழே டீச்சர் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. தன் வீட்டைக் காயவைத்துக் கீழ்வீட்டை நனைப்பதில் அவையும் இந்தக் கட்டடத்தின் மற்றக் குடித்தனக்காரர்களைப் போலத்தான். அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பூச்சு! இருபத்தேழு வருடத்தில் இன்னொருவர் வேலையைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை.

“கை பட்ட அடையாளமே இல்லை” என்றார் அன்று சாப்பிடும்போது.

“அதுங்களுக்குக் கை இல்லைங்க” என்றாள் மனைவி.

“உனக்குப் புரியாது. அது ஃபினிஷிங்.”

ஸ்ப்ரே அடிப்பதில்லை என்று முடிவாயிற்று. தேனீயை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் சுவரை அடைப்பது என்பது திட்டம். மழைக்கு ஐந்து வாரம் இருந்தது. எதையும் முறையாகச் செய்கிற மனிதர் அல்லவா, ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு நாள் தேனீ வளர்ப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்தார்.

விண்ணப்பத்தில் ‘எத்தனை பெட்டி வைத்திருக்கிறீர்கள்?’ என்று ஒரு கட்டம். ‘ஒரு சுவர்’ என்று எழுதினார். பயிற்சியாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போனார்.

முதல் நாள் முழுக்க வெளிநாட்டுப் பெட்டித் தேனீ. முகவலை போட்ட வெள்ளை உடை எப்படி மாட்டுவது, புகை எப்படிப் போடுவது, சட்டத்தை எப்படித் தூக்குவது, தேனை எப்படிச் சுற்றிப் பிழிவது. கொட்டாத தேனீக்காரர் கொட்டுவதிலிருந்து தப்பிக்க எட்டு வழி கற்றுக்கொண்டார். ஒவ்வொரு வழி முடிந்ததும் கை தூக்கி, “சார், சுவர்ல இருக்கிற சின்னத் தேனீக்கு?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும், “அது நாளைக்கு மூணு மணிக்கு” என்று பதில் வந்தது. நிகழ்ச்சி நிரலில் உண்மையாகவே இருந்தது: ‘நம் மண்ணின் தேனீக்கள், அரை மணி நேரம்.’

மறுநாள் மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். குழுப் படம் எடுக்க வெளிச்சம் போய்விடும் என்று அந்த அரை மணியைத் தள்ளிவிட்டார்கள். ‘தேனீ வளர்ப்பில் தேர்ச்சி பெற்றவர்’ என்ற சான்றிதழைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓட்டைக்காரர் வண்டி நிறுத்துமிடத்தில் பயிற்சியாளரை மடக்கினார்.

“சார், அந்த அரை மணியை எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

பயிற்சியாளர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார். “கொசுத்தேனீதானே? அதுக்கு அரை மணியே ஜாஸ்தி. நீங்க வளர்க்க வேண்டாம், அதுவே வளரும். பக்கத்துல பூ இருந்தாப் போதும், மருந்து அடிக்காம இருந்தாப் போதும். ஓட்டையை மட்டும் அடைக்காம விட்டுடுங்க.”

“அதைத் தவிர வேற ஏதாவது சொல்லுங்க.”

“ஏன்?”

“ஓட்டை அடைக்கிறதுதான் சார் என் தொழில்.”

பயிற்சியாளர் இப்போது ஹெல்மெட்டைக் கழற்றினார். “அப்போ ஒரு பெட்டி செய்ங்க. சுவர் ஓட்டையிலேர்ந்து ஒரு குழாய் வச்சு பெட்டிக்குள்ள விடுங்க. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை. போறது வர்றது எல்லாம் பெட்டி வழியா இருந்தா, அதுங்க மெதுவா அங்கேயே கூடு கட்ட ஆரம்பிக்கும்.”

“எத்தனை நாள்ல?”

“நாளா? நாலு மாசம், அஞ்சு மாசம். சிலது ஒரு வருஷம்கூட ஆகும்.”

“மழைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு.”

“மழைகிட்ட பேசிப் பாருங்க” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார் பயிற்சியாளர்.

இரண்டு நாள் படித்து, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பாடம் என்று தெரிந்துகொண்ட எரிச்சலை வீடு வரும் வழி முழுக்கப் பேருந்தின் ஜன்னல் கம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குக் கைவராத வித்தை. பெட்டி செய்தார். தேங்காய் அளவு உள்ளிடம், முக்கால் அங்குலப் பலகை, மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்த பொருத்தம். சாரத்தில் ஏறி, குழாயைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே செருகினார். விரிசலின் மற்றப் பகுதியைச் சிமென்ட் கலவையால் பூசினார். சிமென்ட்டை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. வெளியே போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து பெட்டியின் முன்னால் குழம்பிப் பறந்தன. பிறகு ஒன்று துணிந்து ஓட்டைக்குள் போனது. நாலு மணிக்குள் போக்குவரத்து சீராகிவிட்டது. வேலைக்குப் போய் வருகிறவர்கள் ரயில் நிலையத்தில் புது நடைமேடைக்குப் பழகிக்கொள்வதுபோல.

பெட்டியையே மாதக்கணக்கில் வாசலாக வைத்துக்கொள்ளலாம், அதற்குள் சுவர் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். “பார்த்தீங்களா, ரெண்டும்” என்றார். டீச்சர், “விடை வரட்டும், அப்புறம் மார்க்” என்றார்.

மறுநாள் காலை மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கி வந்தாள்.

“ஏங்க, உங்க பெட்டிக்குத் தாடி முளைச்சிருக்கு.”

வெளியே தங்கிவிட்ட தேனீக்கள் பெட்டியின் முகப்பில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போக வழி இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு சொட்டுச் சீலன்ட், கட்டைவிரலால் ஒரே இழுப்பில் தடவியது. குறை சொல்ல முடியாத வேலை.

“யாரு அடைச்சது இதை?” என்று சாரத்தின் மேலிருந்து குரல் கொடுத்தார். “செயலாளர் வந்தாரா? யாராவது ஏறினாங்களா?”

கீழே நின்ற மனைவி அவருடைய வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்று மாலை ஐந்து மணிக்கு எல்லாம் சரியாக முடிந்த மகிழ்ச்சியில், டார்ச்சை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒரு சுற்று வந்திருந்தார்.

கத்தியால் சீவித் திறந்தபோது பெட்டித் தளத்தில் ஒரு கைப்பிடி செத்துக் கிடந்தது. எள்ளை வாரியதுபோல. அவர் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு சாரத்தில் உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தொழில் தெரியாதவன் செய்த தப்பு என்றால் திட்டலாம். இது தொழில் நன்றாகத் தெரிந்தவன் செய்த தப்பு.

அதற்குள் கீழேயிருந்து டீச்சரின் குரல். “ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா? அட்டெண்டன்ஸ் எடுக்கணும்.”

வாசல் அடைபட்டதும் உள்ளிருந்தவை வேறு வழி தேடியிருக்கின்றன. சுவருக்குள் ஓடுகிற ஒயர்க் குழாய் வழியாக இறங்கி, படுக்கையறை ஸ்விட்ச் போர்டின் இடுக்கில் வெளியே வந்து, ட்யூப் லைட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. செயலாளரும் வந்து வாசலில் நின்றார்.

“சுவருக்கு வெளிய இருந்த பிரச்சினையை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க” என்றார் நிதானமாக. “சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ஸ்ப்ரே அடிக்கிற ஆள் வருவார்.”

“சனிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு.”

“எனக்கும் நாள்காட்டி இருக்கு.”

அந்த மூன்று நாளில் முதல் நாள் முழுவதையும் அவர் கோபப்பட்டே செலவழித்தார். பயிற்சியாளர்மேல், சான்றிதழ்மேல், குழுப் படம் எடுத்த போட்டோக்காரர்மேல். இரண்டாம் நாள் மனைவி தேநீர் டம்ளரை நீட்டி, சும்மா ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த மேட்டு ரோட்ல மண் சரியாம ஒரு பெரிய சுவர் கட்டினீங்களே, அதுல வரிசையா ஓட்டை இருக்கே. அதை மட்டும் ஏன் அடைக்கல?”

“அது தண்ணி வடியறதுக்கு விட்டது. அதை அடைச்சா சுவரே சாஞ்சிடும்.”

“அப்போ விட்டிருக்கீங்க.”

“வரைபடத்துல இருந்துச்சு, விட்டேன்.”

“இதுக்கும் ஒரு வரைபடம் போட்டுக்கோங்க” என்று சொல்லி, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் டம்ளர் இல்லாத கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பெட்டியைக் கழற்றினார். பென்சிலைவிடச் சற்றுப் பெரிய துளையுள்ள குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துப் பொந்தின் வாயில் வைத்தார். உட்பக்கம் உயர்ந்து, வெளிப்பக்கம் தாழ்ந்து. மழை எத்தனை சாய்ந்து அடித்தாலும் தண்ணீர் ஏறாத சரிவு. மேலே நகம் அளவில் ஒரு தகரக் குடை. குழாயைச் சுற்றிச் சிமென்ட், அதன்மேல் இன்னொரு பூச்சு. ஸ்விட்ச் போர்டின் இடுக்கை மெல்லிய வலையால் மூடி, ட்யூப் லைட்டில் இருந்தவற்றை டீச்சரின் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொண்டுபோய்க் குழாய் வாயில் விட்டார். நாற்பது முறை ஏறி இறங்கவில்லை, ஏழெட்டு முறைதான். ஆனால் நாற்பது என்றுதான் இன்றும் சொல்வார்.

வேலை முடிந்தபோது மணி நாலே முக்கால். சீலன்ட் கன்னை மனைவியிடம் நீட்டினார்.

“இதை அலமாரியில வச்சுப் பூட்டு. காலையில கேட்டாக் கொடு. இப்போ நான் எப்படிக் கேட்டாலும் கொடுக்காதே.”

“பூட்டலாம். சாவித் துவாரம் இன்னும் இருக்குல்ல?”

சனிக்கிழமை ஸ்ப்ரேக்காரர் வந்தார். ஸ்விட்ச் போர்டில் ஒன்றும் இல்லை, விரிசலும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரமே, சொன்ன நாளுக்கு முன்பே மழை வந்தது. நாலு நாள் விடாமல் அடித்தது. டீச்சர் தினமும் காலையில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்து, “காய்ஞ்சிருக்கு” என்று கத்துவார். ஓட்டைக்காரருக்கு அதில் பாதி நிம்மதிதான். குடை பிடித்துக்கொண்டு சாரத்தில் ஏறிப் பார்த்தபோது குழாய் வாய் அடைபட்டிருந்தது. கறுப்புப் பிசின். நடுவில் ஒரே ஒரு குண்டூசித் துளை. காதை வைத்தார், மழைச் சத்தம்தான் கேட்டது. உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் நாலு நாள் மனைவிமேல் எரிந்து விழுந்தார்.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. குண்டூசித் துளை மெல்லப் பெரிதானது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு, பிறகு ஓட்டம். ஆனால் துளையை முழுதாகத் திறக்கவில்லை. அவர் விட்ட அளவில் பாதியாகக் குறைத்து, விளிம்பைத் தங்கள் பிசினால் உருட்டித் தேய்த்து, தங்கள் கணக்குக்கு வைத்துக்கொண்டன.

“என் வேலையில குறை கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்குதுங்க” என்றார் மனைவியிடம். முகத்தில் இருந்தது கோபம்தான் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள்.

கடைசியில் உத்தரவாதச் சீட்டு. ஓட்டைக்காரர் செயலாளர் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, அச்சடித்த வரியில் ‘எதுவும் விடப்படவில்லை’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘ஒன்று விடப்பட்டுள்ளது’ என்று எழுதினார்.

செயலாளர் சீட்டைத் தொடவில்லை. “ஓட்டை இல்லைன்னு எழுதிக் கொடுங்க. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?”

“இருக்கே.”

“அதான் ஒழுகலையே!”

“ஒழுகல. ஆனா இருக்கு.”

“ஓட்டை இருக்குன்னு எழுதின பேப்பரை ஃபைல்ல வச்சா, நாளைக்கு நாலு பேர் என்னைக் கேட்பாங்க. அப்போ அடுத்த வருஷம் வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

“பாருங்க” என்றார் ஓட்டைக்காரர். சொல்லிவிட்டு அந்தச் சொல்லை நம்ப முடியாமல் அங்கேயே நின்றார். சீட்டை டீச்சர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். மூலையில் சிவப்பு மையில் தொண்ணூற்றெட்டு போட்டிருக்கிறார். குறைந்த இரண்டு மார்க் எதற்கு என்று ஓட்டைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் சொல்வதில்லை.

செயலாளர் சொன்னபடி செய்தார். மறு வருடம் மேற்குச் சுவருக்கு வண்ணம் அடிக்குமுன் விரிசல் பார்க்க வேறு ஓர் ஆள் வந்தார். சுறுசுறுப்பானவர், வேலை சுத்தம். காலையிலிருந்து ஓட்டைக்காரர் சாரத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படியில் போய் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

மாலையில் மேலிருந்து குரல் வந்தது. “அண்ணே, முன்னாடி இங்க வேலை பார்த்தது நீங்கதானாமே? முதல் மாடிகிட்ட ஒரு ஓட்டையைக் கவனிக்காம விட்டுட்டீங்க.”

இருபத்தெட்டு வருடத்தில் இந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. புது ஆள் இடது கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் ஏறி, அந்த ஆளின் வலது கையைப் பற்றினார்.

“அந்தக் கன்னை இப்படிக் கொடு தம்பி. காலையில தரேன்.”